டர்போ வண்டியும் என் திருட்டுப் பட்டமும்

அந்த எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது என்று உலகம் கண்டுபிடிப்பதற்கு முன்பே, எண்ணெயை நான்தான் எடுத்து விற்கிறேன் என்று என் அத்தான் கண்டுபிடித்துவிட்டார். அத்தானின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். முதலில் முடிவு வரும். காரணம் மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்த பிறகு மெதுவாக வந்து சேரும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். திருவனந்தபுரத்தில், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் துணிக்கடை வைத்திருந்தார். பெரிய கடை என்று நினைத்துவிட வேண்டாம். முண்டு, லுங்கி, துவர்த்து, அவ்வளவுதான். துவர்த்து என்றால் குளித்துவிட்டுத் தலை துவட்டுகிற துண்டு. எங்கள் தெற்கத்திப் பேச்சில் அதற்கு அதுதான் பெயர். மனிதனுக்கு வருகிற எந்தக் கஷ்டத்துக்கும் கடையில் இருக்கிற சரக்கிலேயே மருந்து உண்டு என்று அத்தான் மனதார நம்பினார்.

நான் நாகர்கோவிலில் இயற்பியல் படித்து முடித்து, நாட்டுக்கு இயற்பியல் அப்படி ஒன்றும் அவசரமாகத் தேவைப்படவில்லை என்று தெரிந்துகொண்டு, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த காலம் அது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அத்தான் அப்போது பழைய கார் ஒன்றை வாங்கினார். டீசல் வண்டி. பின்பக்கக் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் 'டர்போ' என்று ஒட்டியிருந்தது. அந்த எழுத்துக்காகத்தான் வாங்கினார் என்பது என் சந்தேகம். விழிஞ்ஞம் பக்கத்து விடுதிகளில் வந்து தங்குகிறவர்களைப் பொன்முடி மலைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருவதற்கு வண்டி. ஓட்டுவதற்கு நான். 'சம்பளக்காரனை வைத்தால் திருடுவான், சொந்தக்காரன் என்றால் நம்பலாம்' என்று சொல்லித்தான் என்னை வரவழைத்தார். இதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். அவர்தான் மறந்துவிட்டார்.

டர்போ என்றால் என்னவென்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், "டர்போன்னா டர்போதான்" என்று அத்தான் விளக்கம் கொடுப்பார். கேட்டவரும் தலையாட்டிவிட்டு இரண்டு லுங்கி வாங்கிக்கொண்டு போவார். உண்மையில் அது ஒரு சின்னக் காற்றாடி. எஞ்சினிலிருந்து வெளியே போகிற சூடான புகை அதைச் சுழற்றும். அது சுழல்கிற வேகத்தில் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும். காற்று கூடுதலாகப் போவதால் வண்டிக்கு இழுவை கூடும். அந்தக் காற்றாடியின் அச்சு தேய்ந்துபோகாமல் இருக்க, எஞ்சின் எண்ணெய் அதற்குள்ளும் ஓடிக்கொண்டே இருக்கும். இவ்வளவுதான் சங்கதி. அத்தானுக்கு இதை ஒருமுறை சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியும்டே" என்றார்.

வண்டியை ஓட்டுவது என் வேலை, பானெட்டைத் திறப்பது அத்தானின் உரிமை. ஞாயிற்றுக்கிழமை குளித்து, திருநீறு பூசி, பானெட்டைத் திறந்து உள்ளே ஏதாவது துடைத்துக்கொண்டிருப்பார். எண்ணெய் அளவைப் பார்க்கிற குச்சி ஒன்று எஞ்சினில் இருக்குமே, அதை உருவிப் பார்க்க மட்டும் எனக்கு அனுமதி. மற்ற எதையும் தொடக் கூடாது. 'இதெல்லாம் பழகின கை தொடணும்' என்பார். பழகின கை எது என்றால், முப்பது வருடமாக முழம் போட்டுத் துணி கிழித்த கை.

வாங்கிக் கொஞ்ச நாளில் எண்ணெய் குறைய ஆரம்பித்தது. பொன்முடி மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் கல்லாறு. அங்கே ஆற்றோரம் சமதரையில் வண்டியை நிறுத்தி, வந்தவர்கள் தண்ணீரில் கால் நனைக்கப் போகும்போது நான் குச்சியை உருவிப் பார்ப்பேன். மேல் கோட்டில் இருக்கும். மலை ஏறி இறங்கி அதே இடத்தில் நிறுத்தி, எண்ணெய் கீழே வடிந்து சேரட்டும் என்று ஒரு டீ குடித்துவிட்டுப் பார்த்தால் நடுவுக்கு வந்திருக்கும். மறுபடி ஒரு சவாரி போனால் கீழ்க்கோடு. எஞ்சினில் எண்ணெய் இந்த வேகத்தில் குறைந்தால் ஒருநாள் நடுமலையில் எல்லாம் உருகிப் பிடித்துக்கொள்ளும். இதை அத்தானிடம் சொன்னேன்.

"குறையாதே. நான் காலம்பற பார்த்தேனே, நெறைய இருந்துதே" என்றார்.

அவர் பார்க்கிற விதத்தைக் கேளுங்கள். வீட்டு வாசல் சரிவில் வண்டி மூக்கு கீழே குனிந்து நிற்கும். குச்சி இருக்கிற பக்கத்துக்கு எண்ணெய் எல்லாம் ஓடிச் சேர்ந்திருக்கும். அப்படிப் பார்த்தால் நிறையத்தான் தெரியும். சமதரைக்குக் கொண்டுபோய் நிறுத்திக் காட்டினேன். பாதிதான் இருந்தது. அத்தான் குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி குச்சியைப் பார்த்தார். "இங்க கொண்டுவரதுக்குள்ள கொறஞ்சு போச்சோ?" என்றார். இருபதடி தூரம்!

சரி, ஒழுகுகிறதா என்று பார்க்கலாம் என்று ராத்திரி வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் கலக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தோம். தண்ணீர் சுத்தமாக இருந்தது. அதற்குள் கடையில் வைத்திய சபை கூடிவிட்டது. பக்கத்து வளையல் கடைக்காரர், எண்ணெய் மட்ட ரகம், அதனால்தான் ஆவியாகிறது என்றார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், டர்போ என்றாலே இப்படித்தான், அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் குளிருக்குச் செய்தது என்றார். முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவர் சொன்னால் மறுக்க முடியுமா? கோயில் வாசலில் தேங்காய் விற்கிறவர், பிள்ளையாருக்கு ஏதோ குறை வைத்திருக்கிறீர்கள், தேங்காய் உடையுங்கள் என்றார். யாருக்கு எந்த நோய் வந்தாலும் மருந்து அவர் கூடையிலேயே இருந்தது. அத்தான் தினம் ஒரு தேங்காய் உடைக்க ஆரம்பித்தார். எண்ணெய் அதுபாட்டுக்குக் குறைந்தது.

கடைசியில் கரமனையில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். அங்கே தலைமை மெக்கானிக்கை எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். மலையாளி, தமிழும் நன்றாகப் பேசுவார். "ரிங் போயிருக்கும் சாரே, எஞ்சின் பணி வேண்டிவரும்" என்றார். பிஸ்டனைச் சுற்றி இருக்கிற வளையங்கள் தேய்ந்தால் எண்ணெய் மேலே ஏறி எரிந்துவிடும், அதைத்தான் சொன்னார். அத்தானின் முகம் செத்துப்போயிற்று. எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் எதற்கும் அழுத்தம் பார்த்துவிடலாம் என்று ஆசான் ஒவ்வொரு சிலிண்டரிலும் மீட்டர் வைத்துப் பார்த்தார். நாலும் ஒரே அளவு காட்டின. ரிங் நன்றாகத்தான் இருந்தது. இனி காற்றுப் பக்கம் பார்க்கலாம், ஃபில்டர் எப்படி என்று கேட்டார். "ஃபில்டர் புதுசாக்கும். நான்தான் பார்த்துப் பார்த்து வச்சிருக்கேன். அதைத் தொடண்டாம், உள்ள தூசி போயிரும்" என்றார் அத்தான். ஆசானுக்கும் அன்றைக்கு வேறு மூன்று வண்டி காத்துக்கொண்டிருந்தது. தொடவில்லை.

"பின்னே எண்ணெய் எங்க போகுது?" என்று கேட்டேன்.

"அதுதான் எனக்கும் பிடி கிட்டல்ல" என்று ஆசான் கையை விரித்தார். எஞ்சின் நல்லாயிருக்கு என்று அவர் சொன்னது மட்டும்தான் அத்தானின் காதில் விழுந்தது. எஞ்சின் நல்லாயிருக்கிறது, ஒழுகவில்லை, எண்ணெய் குறைகிறது. அப்படியென்றால் மிச்சமிருப்பது யார்? திரும்பிப் பழவங்காடி வந்ததும் அத்தான் மெல்லக் கேட்டார்.

"எலேய், கல்லாத்துல உனக்கு சிநேகக்காரங்க ஆராவது உண்டோ?"

"டீக்கடைக்காரரு உண்டு."

"அவருக்கு வண்டி ஏதாவது?"

"பசு உண்டு அத்தான். அது எஞ்சின் ஆயில் குடிக்காது."

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனுஷன் என்னைத் திருடன் என்கிறார்! அதுவும் வைரமா, தங்கமா? எஞ்சின் ஆயில். திருடன் பட்டம் கட்டுவதென்றால் ஒரு கௌரவமான பொருளையாவது சொல்லக் கூடாதா? அன்றைக்கே கிளம்பி நாகர்கோவில் பஸ் ஏறியிருப்பேன். ஏறினால் திருடன்தான் ஓடிவிட்டான் என்று ஆகிவிடும். அதோடு அக்கா இருந்தாள்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எனக்குச் சோறு ஊட்டினவள், மூக்குத் துடைத்தவள், பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள். அத்தான் என்னைத் திருடன் என்று பழவங்காடி முழுக்கத் தமுக்கடித்துச் சொல்லிக்கொண்டு போகட்டும், எனக்கு மயிர் போச்சு. அக்கா ஒருத்தி அப்படி நினைத்துவிடக் கூடாது. எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். அவள் நினைக்கமாட்டாள் என்றும் தெரியும். அத்தான் ஜாடையாகப் பேசும்போதெல்லாம் அவள் அடுப்படியில் மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டு பேசாமல் இருப்பாள். புருஷனை எதிர்த்துப் பேச முடியாமல் மனசுக்குள் எனக்காகக் குமுறுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். குழம்பில் எனக்கு ஒரு துண்டு கூடுதலாகவே விழுந்தது. அதைவிடச் சாட்சி வேண்டுமா?

அத்தான் அடுத்து ஒரு பாதுகாப்பு ஏற்பாடு செய்தார். கடையில் பார்சல் கட்டுகிற சணல் கயிறு, சிவப்பு அரக்கு, மெழுகுவர்த்தி மூன்றையும் எடுத்துவந்தார். எண்ணெய் ஊற்றுகிற மூடியைக் கயிற்றால் சுற்றி, முடிச்சுப் போட்டு, அதன்மேல் அரக்கை உருக்கி ஊற்றி, சூட்டோடு சூடாகத் தன் பெருவிரலை வைத்து அழுத்தினார். "ஆ!" என்று கத்திவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார். அரக்கில் ரேகை அழகாக விழுந்திருந்தது. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, எண்ணெய் வடிக்கிற திருகாணிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தார். யாராவது திருகினால் பெயின்ட் விரிசல் விடுமாம். இவ்வளவு காவல், தங்கம் குவிந்து கிடந்த அந்த ஊர்ப் பெரிய கோயில் நிலவறைக்குக்கூட இருந்திருக்காது. நான் பக்கத்தில் நின்று மெழுகுவர்த்தி பிடித்தேன். திருடனே மெழுகுவர்த்தி பிடித்துக் கொடுத்த ஒரே வழக்கு அதுவாகத்தான் இருக்கும்.

சவாரி போய் வந்தேன். அரக்கு உடையவில்லை, ரேகை அழியவில்லை, பெயின்ட் விரியவில்லை. எண்ணெய் நடுவுக்கு வந்திருந்தது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இனி என்ன சொல்வார், பார்க்கலாம் என்று கைகட்டிக்கொண்டு நின்றேன். அத்தான் குச்சியைக் கையில் பிடித்து ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு அந்தக் குச்சி செருகுகிற ஓட்டையைக் காட்டினார்.

"இதுவழியா ஒரு டியூப் விட்டு உறிஞ்சலாம்டே. நீ சயன்ஸ் படிச்சவனாச்சே."

என் பட்டப்படிப்புக்கு வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்த மரியாதை அது. எனக்கு எங்கிருந்து அப்படிக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. "எண்ணெய் உறிஞ்சுற வாயா இது? மோந்து பாரும்! வாரும், மோந்து பாரும்!" என்று வாயை ஆவென்று திறந்துகொண்டு அவர் முகத்துக்கு நேரே போனேன். அவர் பின்னால் நகர்ந்து, வாசல் படி தட்டி, உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. "இனி உம்ம வண்டியத் தொட்டா என் பேரை மாத்தும். நாளைக்குக் காலையில நான் ஊருக்குப் போறேன்" என்று கத்தினேன். அத்தானும் விடவில்லை. "போடே! போறவன் பதில் சொல்லிட்டுப் போணும்" என்றார் உட்கார்ந்தபடியே.

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"ஆரும் எங்கயும் போகண்டாம். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே. மூணு பேரும் பொன்முடிக்குப் போவோம். நான் கண்ணால பாக்கணும்."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. எனக்குச் சாட்சி சொல்ல அக்கா வருகிறாள்! அத்தானை நான் பார்த்த பார்வையில் அவர் கருகியிருக்க வேண்டும். மனுஷன் அரக்கு சுட்ட விரலைத் தடவிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் விசாரணைக் கமிஷன் புளியோதரைப் பொட்டலத்தோடு கிளம்பியது. முன்னால் நானும் அக்காவும், பின்னால் அத்தான். கிளம்புமுன் அத்தானே குறைந்த எண்ணெயை ஊற்றி, மூடிக்கு மறுபடி அரக்கும் ரேகையும் வைத்தாயிற்று. பழவங்காடியில் தேங்காய் உடைத்தாயிற்று. கல்லாற்றில் சமதரையில் நிறுத்தி, அத்தான் கையாலேயே குச்சியை உருவிப் பார்த்து, மேல் கோடு என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். மலை ஏற ஆரம்பித்தோம். ஏற ஆரம்பித்தோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வண்டி முக்கியது, முனகியது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முதல் கியருக்கு வந்து நின்று யோசித்தது. எதிரே வந்த பஸ்காரர் எங்களுக்காக ஒதுங்கி நின்று, பொறுமை போய், ஹாரன் அடித்தார்.

"கியரை மாத்துடே" என்றார் அத்தான் பின்னாலிருந்து.

"இதுக்குக் கீழ கியர் இல்ல அத்தான். இறங்கித் தள்ளுறீயளா?"

அக்கா எங்கள் சண்டையைக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். "பொகை நீலமா வருகுலே. எண்ணெய் கருகுற மணமும் அடிக்கி" என்றாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். மழைக்காலத்து மூடுபனி என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது எங்கள் வண்டியின் கைங்கரியமும் சேர்ந்ததுதான். என்ன சொல்ல!

மேலே போய்ப் புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, இறங்கி மறுபடி கல்லாறு. அதே இடம், அதே டீ. அத்தான் குச்சியை உருவினார். நடுவில் நின்றது. அரக்கைப் பார்த்தார், தன் ரேகையைப் பார்த்தார், குனிந்து பெயின்டைப் பார்த்தார். என் பக்கத்தில் அவரே உட்கார்ந்து புளியோதரை தின்றிருக்கிறார், நான் உறிஞ்சவில்லை என்று அவருக்கே தெரியும். "பின்னே எங்கதான் போகுது?" என்றார். அந்தக் குரலில் முதல்முறையாகச் சந்தேகம் இல்லை. உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார்.

அக்கா பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "கேறும்போ இதுக்கு மூச்சு முட்டுகு. எனக்கு இளைப்பு வரும்போ இருக்குற மாதிரியே இழுக்கி. இது எங்கயிருந்து மூச்சு எடுக்கும்?"

அத்தானுக்கு உடனே களை வந்துவிட்டது. ஒரு பெண் எஞ்சினைப் பற்றிக் கேட்டால் விளக்காமல் இருக்க முடியுமா? "இதோ இந்தப் பெட்டி வழியா. இதுக்குள்ள ஃபில்டர் இருக்கு. ஆனா அங்க ஒரு குழப்பமும் இல்ல. விழிஞ்ஞம் ரோட்டுல கருங்கல் லாரி போயிப் போயி ஒரே தூசிலா? ஒரு பொட்டுத் தூசி உள்ள போகாது. நான் ஏற்பாடு பண்ணி வச்சிருக்கேன்."

"என்ன ஏற்பாடு?" என்றாள் அக்கா.

அத்தான் பெருமையாகக் கிளிப்புகளை நீக்கி மூடியைத் தூக்கினார். நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஃபில்டர் தெரியவில்லை. கறுப்பாக, பிசுபிசுவென்று, பட்டுப்போன தோல் மாதிரி ஏதோ ஒன்று அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை, அதில் சிவப்புக் கரை. துவர்த்து! எங்கள் கடைத் துவர்த்து! இரண்டாக மடித்து, ஃபில்டரைச் சுற்றி, ஊசி நூலால் அழகாகத் தைத்து வைத்திருந்தார். தூசி ஒட்டிக்கொள்ளட்டும் என்று அதைத் தேங்காயெண்ணெயில் வேறு முக்கியிருந்தார். ஊர்த் தூசி முழுவதும் எண்ணெயில் குழைந்து, மழை ஈரமும் சேர்ந்து, அடைபோல் இறுகியிருந்தது. அதன் வழியாகத் தூசி என்ன, ஆவிகூடப் போயிருக்காது.

"அட பாவி மனுஷா!" என்றாள் அக்கா. அவள் அத்தானை அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற தடித்த ரப்பர் குழாய் ஒன்று இருந்தது. அதன் கிளிப்பைத் தளர்த்தி இழுத்தேன். காற்று மட்டும் போக வேண்டிய குழாய். கவிழ்த்தால் எஞ்சின் எண்ணெய் சளசளவென்று என் செருப்பில் கொட்டியது. பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நாள் நான் விற்றுத் தின்ற எண்ணெய் இங்கே குடியிருந்தது!

மறுநாள் ஆசான் அதை முழுவதும் விளக்கினார். காற்றாடி வேகமாகச் சுழன்று காற்றை இழுக்கிறது. இழுக்கிற வாயை அடைத்துவிட்டால் அது சும்மா இருக்குமா? கிடைத்ததை இழுக்கும். அச்சுக்கு வருகிற எண்ணெய்தான் பக்கத்தில் இருக்கிறது, அதை இழுத்து எஞ்சினுக்குள் தள்ளும், அங்கே அது எரிந்து புகையாகப் போய்விடும். அதனால் கீழே ஒரு சொட்டும் விழாது. அச்சில் ஆட்டம் இல்லை, நல்லவேளை, டர்போ தப்பித்தது என்றார். "அன்னிக்கே பெட்டியத் திறந்திருந்தா நான் பார்த்திருப்பேன். சாரு தொடண்டாம்னு சொன்னதைக் கேட்டது என் புத்தி" என்று தலையில் தட்டிக்கொண்டார். இதெல்லாம் மறுநாள் கதை.

அன்றைக்குக் கல்லாற்றிலேயே தையலை வெட்டித் துவர்த்தை எடுத்துப் போட்டு, ஃபில்டரைத் தட்டி, குழாயைத் துடைத்து மாட்டினேன். நிச்சயப்படுத்திக்கொள்ள மறுபடி மலை ஏறினோம். குழாயில் மிச்சமிருந்த எண்ணெய் எரிந்து தீரும்வரை கொஞ்ச தூரம் நீலமாகப் புகைத்தது. பிறகு தெளிந்துவிட்டது. வண்டி பறந்தது! நான் மூன்றாவது கியரில் வளைவு திரும்பினேன். பின்னால் அத்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டார். இறங்கிப் பார்த்தபோது எண்ணெய் இம்மியும் குறையவில்லை.

அத்தான் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு அத்தானைத் தெரியாது. அவர் அந்தக் கறுப்புத் துணியைக் கையில் எடுத்து, ஓரத்தில் இருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி, விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது முதல் தரம்டே. நெசவு அவ்வளவு நெருக்கம். மட்டத் துணியாயிருந்தா காத்து போயிருக்கும்" என்றார்.

கோளாறுக்குக் காரணம் சரக்கின் தரம்! ஒரு வார்த்தை என்னைப் பற்றி இல்லை. நான் விட்டுவிட்டேன். ஜெயித்தவனுக்குத் தாராளம் வரும் இல்லையா? வீட்டுக்குப் போனபிறகு அவர் கடையிலிருந்து இரண்டு புதுத் துவர்த்து கொண்டுவந்து என் பாயில் வைத்துவிட்டுப் போனார். அவர் அகராதியில் அதுதான் மன்னிப்பு. நானும் தலை துவட்டிக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது திரும்பி வந்த வழியைப் பற்றி. நெடுமங்காடு வருவதற்குள் அத்தான் பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். வெயில் சாய்ந்து, சாலை காலியாக இருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து எனக்கு ஒவ்வொரு சுளையாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பேச்சு அடங்கவில்லை. அத்தானின் அரக்கு, அத்தானின் பெயின்ட், அத்தானின் ரேகை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கடைசியாகச் சொன்னேன்.

"ஆரு என்ன சொன்னாலும் நீ ஒருத்தி என்னை நம்புனியே அக்கா. அது போதும்."

அக்கா கையில் இருந்த சுளையைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாள்.

"நான் நம்புனேன்னு உனக்கு ஆரு சொன்னா?"

விளையாடுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவள் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை இல்லாம எத்தனை நாளு இருப்பே? கையில ஒண்ணும் இல்லாம ஒரு சங்கடத்துல எடுத்துட்டியோன்னு நெனச்சேன். நீ சவாரிக்குப் போனப்போ உன் துணிப் பெட்டியத் தொறந்து பார்த்தேன் மக்கா. ஒரு தடவ இல்ல. மூணு நாலு தடவ."

"பெட்டியில ஏதாவது இருந்திருந்தா?" என்றேன்.

"எடுத்து ஒளிச்சு வச்சிருப்பேன். அத்தான் கண்ணுல படாம" என்றாள். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் சொல்லிவிட்டு, அந்தச் சுளையை என் வாயில் வைத்தாள்.

நான் மென்றேன். பின்னால் தூங்கிக்கொண்டிருந்த மனிதர் மேல் எனக்கு அந்த நிமிடம் கோபமே இல்லை. திருடன் என்றவரை ஒரு எண்ணெய்க் குச்சியைக் காட்டி ஜெயித்துவிடலாம். திருடன் என்று நம்பிக்கொண்டே எனக்குக் கூடுதலாக ஒரு துண்டு மீன் போட்டவளிடம் எதைக் காட்டுவது? அதற்குப் பிறகு ரொம்ப வருடம், அக்கா வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம், போதும் போதும் என்று தட்டைக் கையால் மூடிக்கொண்டேன்.